தங்கத்தின் மேல் இல்லாத இடைவெளி: அமிர்தவல்லி அம்மாவுக்குத் துறையினர் எழுதிய மடல்

உங்கள் பணி ஓய்வு நாளான 2009 டிசம்பர் 31, வியாழக்கிழமை, காலை எட்டு ஐம்பதுக்கு ஆய்வகச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்தீர்கள்.

அன்பும் அச்சமும் ஒருங்கே தந்த அம்மா! ஊசி முனையில் உண்மை தேடிய உறுதியே! அரியாங்குப்பத்துப் பேருந்து பாலத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் எங்களுக்கு முன்னே வந்துவிடும் ஒழுங்கே! வணக்கம்.

புகழத்தான் உட்கார்ந்தோம். பயம் முந்திக்கொண்டது. வரும் திங்கட்கிழமை எங்கள் ஏழு பேரின் பெயரோடு ஒரு கட்டுரை அச்சாகிறது. அது தவறு என்று நீங்கள் அளந்து காட்டிவிட்டீர்கள்.

இன்று மாலை இந்த விழா அவையில் இருக்கும் உங்கள் உறவினர்களுக்காகச் சொல்கிறோம். கிராஃபீன் என்பது ஓர் அணு மட்டுமே தடிமன் உள்ள கரித்தாள். அதைச் சூடான உலோகத் தட்டின் மேல் வளர்க்கிறோம். தட்டு சும்மா இருப்பதில்லை. தன் எலெக்ட்ரான்களைத் தாளின் எலெக்ட்ரான்களோடு கலக்கிறது. நிக்கல் இறுகப் பற்றும். தாளின் குணமே மாறிவிடும். தங்கம் அவ்வளவு பற்றாது. அதனால் ஒரு தாளை இரண்டு உலோகங்களின் மேல் அளக்காமல் குறிப்பேட்டில் எழுத நீங்கள் விட்டதில்லை.

துறைத் தலைவர் ராஜாங்கம் கேலி செய்வார்: “பொண்ணு பாக்கப் போயிட்டு மாமியாரையே பாத்துக்கினு நிக்கறீங்களேம்மா!”

“மாமியார் வீட்ல ஒரு மாதிரி இருப்பா, தனிக்குடித்தனம் போனா வேற மாதிரி இருப்பா சார். ரெண்டு வீட்லயும் பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க, பொண்ணு எப்பிடின்னு.”

செப்டம்பரில் மகளின் பிரசவத்துக்காக விடுப்பில் போனீர்கள். அந்த மூன்று வாரத்தில் நிக்கல் மேல் இருந்த தாளில் ஓர் இடைவெளியைக் கண்டோம். எலெக்ட்ரான்களுக்கு இடமில்லாத ஆற்றல் பகுதி அது. அது தாளுக்கே உரியது என்றால், மின்னோட்டத்தை அடியோடு நிறுத்தும் சுவிட்சை அதில் செய்யலாம். பலரும் தேடும் குணம். தங்கத்துக்கு மாற்றி அளக்க நான்கு நாள் வேண்டும்.

“அம்மா வந்தா இன்னும் நாலு நாள் இழுப்பாங்க. இப்பவே அனுப்பிடலாம்” என்றார் எங்களில் ஒருவரான புருஷோத்தமன். ஏழு பேரும் பெயர் போட்டு அனுப்பினோம். செந்தமிழ்ச்செல்வி தன் முனைவர் பட்ட ஆய்வேட்டையே அதன் மேல் கட்டினார்.

திரும்பி வந்த நீங்கள் யாரையும் திட்டவில்லை. ஊசி முனையால் தாளை அளக்கும் கருவி அப்போது பழுதாகிக் கிடந்தது. டிசம்பரில் அது சரியானதும் நிக்கலைக் கரைத்து, மிதந்த தாளைத் தங்கத்தின் மேல் ஏந்தினீர்கள். செவ்வாய்க்கிழமை அளந்தீர்கள். இடைவெளி இல்லை. மூன்று தாள்களில் பார்த்தீர்கள். மூன்றிலும் இல்லை. நாங்கள் கண்டது நிக்கல் செய்த வேலை.

அன்றிலிருந்து துறையில் தொலைபேசி அடித்தால் யாரும் எடுப்பதில்லை. செந்தமிழ்ச்செல்வி சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோகிறார். வெளியில் ஒருவர் இதேபோன்ற தாளைத் தங்கத்தின் மேல் வைத்துப் பார்த்து எங்கள் தவறைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் போதும்.

முப்பத்தொரு ஆண்டுகளில் நீங்கள் ஒப்பமிட்ட ஓர் அளவைக்கூட யாரும் திருத்த நேர்ந்ததில்லை. இந்தக் கட்டுரையில் உங்கள் ஒப்பம் இல்லை. ஆனால் நன்றிப் பகுதியில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறோம். கேட்காமல் போட்டோம். மன்னியுங்கள்.

நீங்கள் நெடுங்காலம் நலமாக இருக்க வேண்டும். கண் மங்காமல், கை நடுங்காமல், பேத்தியின் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து நடக்க வேண்டும். இதை நாங்கள் ஏழு பேரும் மனதார விரும்பி, கீழே கையெழுத்திடுகிறோம்.

இன்று மதியம் உங்களுக்காக வாங்கிய கேசரியை எல்லோருக்கும் நீங்களே பரிமாறினீர்கள். ராஜாங்கத்தின் தட்டில் வைக்கும்போது கரண்டியை நிறுத்தினீர்கள். ஏழு பேரும் அங்கேதான் இருந்தோம்.

“திங்கக்கிழமை அச்சாயிடும் சார். நிறுத்தச் சொல்லி நீங்க எழுதறீங்களா, இல்ல நான் எழுதட்டா?”