தலைக்கணக்கைத் திருத்திய செலவுக் கணக்கருக்குக் கைமெருகுப் பிரிவின் மடல்

செலவின் சிகரமே! சிக்கனத்தின் சிங்கமே! பைசாவையும் பங்கிட்டுப் பரிமாறிய பண்பின் பேரொளியே!

பணி ஓய்வு வாழ்த்து மடலை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நிர்வாக அலுவலகம் எழுதிக் கொடுத்தது. மேசையில் பல்லி விழுந்த அன்று நாற்காலிமேல் ஏறி நின்றவரைச் சிங்கம் என்று சபையில் வாசிக்க எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே, எங்கள் அன்புக்குரிய செலவுக் கணக்கர் ஐயா அவர்களே, என்றே விளிக்கிறோம்.

முப்பதாண்டுக்கு மேலாக, இங்கு வார்க்கும் கதவுக் கைப்பிடிகளின் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி அட்டை போட்டு, பித்தளை எவ்வளவு, கூலி எவ்வளவு, கரண்டு, வாடகை, மேலாளர் சம்பளம் என்ற பொதுச்செலவில் அதன் பங்கு எவ்வளவு என்று பிட்டுப் பிட்டு வைத்த பெருந்தகையே! எந்த ஆர்டருக்கு என்று வேலை எண் சொல்லாதவருக்குத் துடைக்கும் துணிகூடத் தராத கறாரே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தங்கள் துணைவியாரிடம் விசாரித்தோம். "வீட்டுல பல்பு போனாலும் எந்த ரூம் கணக்குன்னு கேட்டுட்டுதான் மாத்துவாரு. அதுவரைக்கும் நாங்க இருட்டுல இருக்கணும்" என்றார் அக்கா.

எல்லாம் கைவேலையாக இருந்த காலத்தில், பொதுச்செலவை ஆள் எண்ணிக்கைப்படி பிரிக்கும் விதியை வகுத்தவர் தாங்களே. பின்னர் இயந்திரங்கள் வந்தன. அவற்றுக்குக் குளிரூட்டிய கூடம் வந்தது. விதி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. ஜன்னல் காற்றில் கைப்பிடி தேய்க்கும் நாங்களே எண்ணிக்கையில் அதிகம் என்பதால், கூடத்துக் கரண்டு பில்லில் பெரும்பங்கு எங்கள் தலையில் விழுந்தது. உண்டது ஒருவர், காசு கொடுத்தது மற்றொருவர். சென்ற ஆண்டு, கைமெருகுப் பிரிவு நஷ்டம் என்று சொல்லி, கூட்டம் போட்டு மூடுவதற்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் தாங்கள் எழுந்து நின்றதை எங்கள் மேஸ்திரி நேரில் பார்த்தார். "இந்த விதி நான் போட்டது. அன்னிக்குச் சரி, இன்னிக்குத் தப்பு. ஒரு மாசம் குடுங்க, மெஷின் ஓடுற நேரத்தை வெச்சுப் பிரிச்சுக் காட்டுறேன். அதுவரைக்கும் மூடாதீங்க" என்றீர்கள். மேடையில் வீற்றிருக்கும் மேன்மைமிகு மேலாளர் அவர்கள், தமக்கே உரிய மென்மையோடு, இத்தனை வருஷமும் தப்புக் கணக்கா கொடுத்தீர் என்று வினவினார்கள். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தீர்கள்.

புதிய கணக்கில் எங்கள் பிரிவு லாபம், கூடம் நஷ்டம். கூடத்தை மூடலாம் என்று எவரும் சொல்லவில்லை. நிர்வாகக் கூட்டங்கள் நடப்பதே அந்தக் குளிரில்தான். எங்கள் பிரிவும் பிழைத்தது. தங்களுக்கு வரவிருந்த இரண்டாண்டுப் பணி நீட்டிப்புதான் வரவில்லை. தப்புக் கணக்கு எழுதியவருக்கு நீட்டிப்பு எப்படித் தருவது என்று கேட்டார்களாம். தங்கள் மகளின் படிப்பு முடிய இன்னும் இரண்டாண்டு இருப்பது எங்களுக்கும் தெரியும்.

கண்ணொளி மங்காமல், கால்வலி அண்டாமல், அக்காவோடும் மகளோடும் மனம் நிறைந்து தாங்கள் நெடுங்காலம் வாழ்க!

ஐயா, அந்த இரண்டாண்டை மட்டும் எல்லாப் பிரிவுக்கும் பங்கிட வேண்டாம். முழுவதையும் எங்கள் பேரில் எழுதுங்கள்.

தங்கள் கணக்கால் இன்றும் வேலையில் இருக்கும்,
கைமெருகுப் பிரிவினர்