கீழறையில் தைத்த உடுப்புகள்

பெயர் றொஜிதன் நிறோஷினி. வயது 31. பிறந்த இடம் மன்னார். தற்போதைய விலாசம், பிராண்டேயில் கணவரின் தமக்கை விக்ரோரியாவின் வீடு. தொழில் தையல். டெனிஷ் தெரியாதபடியால் மொழிபெயர்ப்பாளர் அஜந்தினி ஊடாகப் பொலிசுக்குத் தமிழில் சொல்கிறேன்.

கலியாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்தேன். கணவர் காற்றாலை வேலைக்குக் கடலுக்குப் போனால் கிழமைக்கணக்கில் வரமாட்டார். ஆகையால் என்னை மச்சாள் விக்ரோரியாவின் வீட்டுக் கீழறையில் இருத்தினார்கள். அங்கே சாறிச் சட்டைகளும் பெண்பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீட்டு உடுப்புகளும் தைத்தேன். மொழிப் பள்ளிக்குப் போகக் கேட்டபோது, தைக்க டெனிஷ் தேவையில்லை என்று மச்சாள் சொன்னார். அதன்பின் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டார். ஒரு ஞாயிறு கோயில் வாசலில், பள்ளிக்கு எந்த பஸ் போகும் என்று ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். அதற்குப் பிறகு பூசைக்கும் கூட்டிப்போகவில்லை. கீழறைக் கதவு வெளியே பூட்டப்பட்டது.

பிறகு ஒடென்சேயில் ஒரு நூதனசாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தைத்துப் பிழைத்த பெண்களைப் பற்றிய கண்காட்சிக்கு உடுப்புகள் தைக்க மச்சாளிடம் கொடுத்தது. அவற்றை என் அளவுக்கே தைத்தபடியால், போட்டுக் காட்ட நேற்று என்னையும் கூட்டிப்போனார். நூதனசாலையில் வேலைசெய்யும் கேர்ஸ்டன் என்ற பெண் பழைய படங்களைக் காட்டிக் கதைத்தார். அந்தப் பெண்கள் ஒரே அறைக்குள் இருந்து தைத்துக் கண் கெட்டுப்போனவர்கள் என்று மச்சாள் தமிழில் சொன்னார். நான், "இப்ப நானும் அப்பிடித்தானே இருக்கிறன்" என்றேன். மச்சாள் அதை டெனிஷில் என்ன சொன்னாரோ, கேர்ஸ்டன் சிரித்தார்.

அதன்பின் மச்சாள் காரை வேறிடத்தில் விடப் போனார். எனக்குத் தெரிந்த ஒரே டெனிஷ் வசனம், மச்சாளின் மகள் ஜெசிக்கா சாப்பாட்டோடு வந்து வெளியே நின்று தாயிடம் சொல்வது: "டோறென் எர் லோஸ்ட்." கதவு பூட்டியிருக்கு. அதை கேர்ஸ்டனிடம் சொன்னேன். அவர் எழும்பிப் போய் அந்த அறைக் கதவைத் திறந்து காட்டினார். நான் இல்லை என்று தலையாட்டி, பிராண்டே என்று சொல்லி, பூட்டில் திறப்பைத் திருப்புவதுபோல் கையால் காட்டி, அதே வசனத்தைத் திரும்பவும் சொன்னேன். அவர் கதவைச் சாத்தி உள்ளிருந்து பூட்டினார். பிறகு பொலிசுக்கு அழைத்தார். மச்சாள் வந்து கதவைத் தட்டி என் பெயரைக் கூப்பிட்டபோது பழக்கத்தில் எழும்பிவிட்டேன். கேர்ஸ்டன் தோளில் கைவைத்து என்னை இருத்தினார். போட்டிருந்த அந்தப் பழங்காலச் சட்டையோடுதான் இந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுவரப்பட்டேன்.

இன்று காலை கணவர் தொலைபேசியில், "விசா என்ர பேரிலைதான் இருக்கு. யோசிச்சுக் கதை" என்றார். கதவு பூட்டியிருந்தது அவருக்குத் தெரியுமா என்று உத்தியோகத்தர் கேட்டார். ஓம். அந்தப் பூட்டைக் கதவில் பொருத்தித் தந்தது அவர்தான். இதைச் சொன்னால் நான் இந்த நாட்டில் இருக்கலாமா என்று நான் கேட்டேன். அதைத் தன்னால் சொல்ல முடியாது என்று உத்தியோகத்தர் சொன்னார்.

அதைக் கேட்ட பிறகும் இந்த வாக்குமூலத்தில் ஒரு சொல்லையும் நான் மாற்றச் சொல்லவில்லை. எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டது. எல்லாம் நடந்தவை.

(ஒப்பம்) றொ. நிறோஷினி