வெள்ளையை மட்டும் நீக்கினேன்

அக்காவின் விமானம் தரையிறங்க இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. எனக்குப் பதினொரு நிமிடம் போதுமாக இருந்தது.

நான் தாவரவியல் படித்தவள். பாடப்புத்தகம் அச்சிடும் இடத்தில் வேலை. ஓவியர் வரைந்து தரும் இலை, வேர், இதயம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, காகிதத்தின் வெள்ளையைக் கணினியில் மறையச் செய்வேன். கோடுகள் மட்டும் மிஞ்சும். எந்தப் பக்கத்தின் மேல் வைத்தாலும் அங்கேயே வரைந்தது போல உட்கார்ந்துகொள்ளும்.

அக்காவின் கையெழுத்தையும் அப்படித்தான் எடுத்தேன். வீட்டுப் பத்திரத்தின் நகலில் இருந்தது. நீக்கும் அளவைச் சற்றுக் கூட்டிவிட்டதால் வெள்ளையோடு கையெழுத்தின் மெல்லிய வாலும் கடைசிப் புள்ளியும் போய்விட்டன. அளவைக் குறைத்தேன். வால் திரும்பியது, புள்ளி வரவில்லை. அதை நான் வைத்தேன். மற்றதெல்லாம் அக்கா போட்டதுதான். நீங்கள் இதை என் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவின் சுவாசக் கருவியை எடுக்க இரண்டு மகள்களும் சம்மதிக்க வேண்டும் என்பது மருத்துவமனை விதி. வெளிநாட்டில் இருப்பவர் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து அனுப்பினால் போதும். பிழைக்க வழியில்லை, ஆனாலும் அவசரமில்லை என்றுதான் டாக்டர் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை.

விமானம் ஏறும் முன் அக்கா போனில் பேசினாள்.

"நான் வர்ற வரைக்கும் அம்மா மேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. கேட்டுதாடி?"

"கேட்டுது."

"வாயில இருந்து முத்து உதிர்ந்திடுமோ? வேற ஏதாவது பேசேன்."

"பசிக்குதுக்கா."

"பாரேன், அம்மா கிடக்கிற கிடையில இவளுக்குப் பசி."

நான்கு வருடம் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்ததும் துடைத்ததும் நான். அக்கா வருடத்துக்கு ஐந்து நாள் வருவாள். "ஏன் இப்படி இளைச்சிட்டாங்க?" என்று கேட்டுவிட்டுப் போவாள். எனக்குக் கோபமில்லை. அம்மாவுக்கு இன்னொரு நாள் வலி வேண்டாம் என்று மட்டுமே நினைத்தேன்.

சம்மதப் படிவத்தை நீட்டினேன். டாக்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"அக்கா மனசு மாறிட்டாங்களா?"

"ஆமா டாக்டர்."

"காலையில இருந்து நினைவு எதுவும் வந்துச்சாம்மா?"

"இல்ல டாக்டர்."

மதியம் மூன்று மணிக்குக் கருவியை எடுத்தார்கள். உயிர் அடங்க இருபது நிமிடம் ஆனது. நான் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நினைவு வந்ததா என்று டாக்டர் கேட்ட அதே கேள்வியை நீங்களும் இரண்டு முறை கேட்டீர்கள். இரண்டு முறையும் தலையைக் குனிந்துகொண்டேன். நினைவு வந்தது. காலை எட்டு மணிக்கு, நர்ஸ் மருந்தெடுக்கப் போயிருந்த நேரத்தில். வாயில் குழாய் இருந்ததால் அம்மாவால் பேச முடியவில்லை. என் கையை இழுத்து, உள்ளங்கையில் விரலால் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். என்னைப் பற்றித்தான் ஏதோ எழுதுகிறாள் என்று கடைசி எழுத்துவரை கையை அசைக்காமல் நீட்டிக்கொண்டிருந்தேன்.

"பெரியவ வரட்டும்" என்று எழுதினாள்.