ஸ்டார்ட் ஆகாத படகு

— இன்னும் ஒரு தடவ இழு தம்பி. கயித்தப் புடிச்சுத் தடவிக் குடுத்துக்கிட்டே இருந்தா இன்ஜின் முழிச்சுக்குமா?

— கை வலிக்குது அண்ணி. அண்ணன் போய் ஒரு வருஷமாப் பொட்டியில கெடந்த பொம்மப் படகு. விட்டுடுங்களேன்.

— எப்படி விடறது? பிளக்கக் கழட்டி பேட்டரில தொட்டுப் பாத்தேன், கங்கு மாதிரி செவக்குது. பழைய நைட்ரோ எண்ணெயக் கொட்டிட்டுப் புது டப்பா ஊத்தியாச்சு.

— எண்ணெய் ரொம்பப் போய் இன்ஜின் முங்கியிருக்கும்.

— அதையும் பாத்துட்டேன்பா. பிளக்க எடுத்துட்டு, படகக் கவுத்துப் போட்டு நாலு இழு இழுத்தேன். ஒரு சொட்டு வரல. உங்கண்ணன் நோட்டுல எல்லாம் எழுதி வச்சிருக்காரு. “ஸ்டார்ட் ஆகலன்னா ஆத்திரப்படாதே.” மொத வரியே அதான். எனக்கு எழுதினாரோ, தனக்கே எழுதிக்கிட்டாரோ!

— இத ஓட்டி என்ன பண்ணப் போறீங்க?

— ஒண்ணும் பண்ணப் போறதில்ல. ஞாயித்துக்கிழமையானா இந்த அறையிலேர்ந்து சத்தம் வரும். “காது கிழியுது, நிறுத்தித் தொலைங்க”ன்னு கத்துவேன். இப்ப என் தையல் மிஷின நிறுத்தினா வீட்டுல ஒரு சத்தம் கெடையாது. ஒரு நிமிஷம் கேட்டாப் போதும். அப்புறம் யாருக்கு வேணா தூக்கிக் குடுத்துடறேன்.

— அண்ணி...

— இரு இரு. புகைபோக்கி வாய நான் விரலால அடைச்சுக்கறேன், நீ மெதுவா இழு. டேங்குலேர்ந்து குழாய் வழியா இன்ஜினுக்கு எண்ணெய் ஏறுதான்னு பாக்கணும்.

— ஏறுதா?

— பாதி வரைக்கும் வருது. படகோட மேல்பலகைக்கு அடியில நின்னு போகுது. அந்தக் கத்திரிய எடு.

— குழாய வெட்டாதீங்க அண்ணி!

— வேற குழாய் போட்டாப் போச்சு... இதென்ன? பஞ்சு!

— தூசி அடைச்சிருக்கும்.

— இருவது வருஷமா நூலும் துணியுமாப் பொழைக்கறவகிட்டயா? திரிச்சு, இறுக்கித் திணிச்சிருக்கு. இந்த அறைச் சாவி உன்கிட்டதான இருந்துச்சு? தம்பி, உன்னத்தான் கேக்கறேன். தரையப் பாக்காத.

— நாந்தான் வச்சேன். என்னிக்காவது நீங்க இத ஸ்டார்ட் பண்ணப் பாப்பீங்கன்னு தெரியும். ஒடச்சுப் போடத்தான் வந்தேன். அண்ணன் கையால பெயின்ட் அடிச்சது... மனசு வரல.

— பைத்தியமாடா உனக்கு? இது என்ன பண்ணுச்சு? ஏரியில நீந்தப் போன எடத்துல அவருக்குக் கால் சுருட்டி இழுத்துக்கிச்சு. நீ இதுக்குப் பிளக் வாங்கக் கடைக்குப் போயிருந்த. வந்து பாத்தா எல்லாம் முடிஞ்சு போச்சு. இதுல யாரக் குத்தம் சொல்றது?

— நான் கடைக்குப் போகல.

— என்ன சொல்ற?

— எல்லார்கிட்டயும் பொய் சொல்லிட்டேன். கரையிலதான் இருந்தேன். ஒரு மணி நேரமா ஸ்டார்ட் ஆகல. “நீ பாரு, நான் ஒரு முங்கு போட்டுட்டு வரேன்”னு அண்ணன் ஏரியில எறங்கிட்டாரு. நான் எண்ணெய்த் திருகக் கொஞ்சம் கொஞ்சமாத் தொறந்து, திரும்பத் திரும்ப இழுத்தேன். சட்டுனு புடிச்சுக்கிச்சு. அண்ணனால முடியாதது என்னால முடிஞ்சுதேன்னு, முழு வேகத்துல அலற விட்டுட்டு அங்கயே குதிச்சேன் அண்ணி.

— அவரு கூப்பிட்டாரா?

— அந்தச் சத்தத்துல என்ன கேக்கும்?

— நீ நிமிந்துகூடப் பாக்கலியா?

— பாத்தேன். நடுத் தண்ணியில கையத் தூக்கி ஆட்டினாரு. இன்ஜின் ஓடினதுல அவருக்கும் குஷின்னு நெனச்சுட்டேன் அண்ணி. நானும் பதிலுக்குக் கையாட்டினேன்.