கூர் வைத்த கிராப்

எழுத வராமல்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அஞ்சாவது வரைதான் படித்தேன், மறதியும் உண்டு.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி பத்தாவது கணக்கில் தவறி, அன்றைக்கு மறுபடி பரீட்சை எழுதப் போகிறாள். மற்றவள் பாஸான சிநேகிதி.

"எக்ஸ் ஸ்கொயர் கிராப்புக்கு அடிப்பக்கம் கூரா இருந்தா மார்க்கு போச்சுடி," என்றாள் பாஸானவள், மற்றவள் போட்டுப் பார்த்த தாளைக் காட்டி.

"புள்ளியெல்லாம் கரெக்டு. ஸ்கேல் வெச்சிதான் சேத்தேன்."

"போன தடவையும் அப்படி சேத்துதான் ஆறு மார்க்குல பெயிலான. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல ஒண்ணுமில்லன்னு நெனச்சிக்கினு இருக்கியா? சைபருக்கும் ஒண்ணுக்கும் நடுவுல அரை இருக்குல்ல? அதை அதாலயே பெருக்கு."

பரீட்சைக்காரி யோசித்தாள். "கால்."

"அந்த எடத்துல உன் ஸ்கேல் எங்க போவுது?"

"அரையில." தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ கோடு இன்னும் கீழ எறங்கி வளைஞ்சி போவணும்."

"அதான், கையால போடு."

பரீட்சைப் பள்ளிக்கூட நிறுத்தம் வந்தது. அவள் ஸ்கேலைச் சிநேகிதி மடியில் போட்டாள். "நீயே வெச்சிக்க. கையில இருந்தா பழக்கத்துல இழுத்துடுவேன்." இறங்கிவிட்டாள்.

பஸ் நகர்ந்த பிறகுதான் இவளுக்கு உறைத்தது. "ஏய் லூசு, குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் எதால போடுவ?" ஜன்னல் வழியாக ஸ்கேலை வீசினாள். அவள் ஓடிவந்து பொறுக்கினாள்.

"அதுக்கு மட்டும்தாண்டி!" என்று இவள் கத்தியது அவளுக்குக் கேட்டதோ இல்லையோ.

அரையை அரையால் பெருக்கினால் கால்தானா? படித்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.