அழுமூஞ்சி முகமூடி

வருகிறவர்களைக் கடலுக்குள் இறக்குமுன் சோதித்துப் பார்ப்பது அவசியமா என்று கேட்டு எழுதியிருந்தீர்கள், காமில். தெற்கே முக்குளிப்பு நிலையம் திறக்கப்போகிற உங்களுக்குப் பதுளையிலிருந்து நான் சொல்வது இதுதான்: அவசியம். கையில் முக்குளிப்புத் தேர்ச்சி அட்டை வைத்திருப்பவரையும் சோதியுங்கள்.

பொத்துவில் கடலுக்கு ஆட்களைக் கூட்டிப்போன காலத்தில் நான் ஒருவரையும் சும்மா விட்டதில்லை. போகிற வழியில், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிடுவேன். அதற்கென்றே ரப்பர் தளர்ந்த பழைய முகமூடி ஒன்று வைத்திருந்தேன். கண்ணாடிக்குள் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். பதறாமல் மூக்கால் ஊதி அதை வெளியேற்றுகிறவருக்குத்தான் கடல். தொட்டிக் காவல்காரர் வீரய்யா அதற்கு அழுமூஞ்சி என்று பெயர் வைத்திருந்தார்.

1981இல் என் மகள் ஸைனபின் மாப்பிள்ளை ஹுமைத் ஜித்தாவிலிருந்து விடுமுறையில் வந்தார். அங்கே எடுத்த முக்குளிப்பு அட்டை அவரிடம் இருந்தது. திரும்பும்போது ஸைனபையும் அழைத்துப்போக விசா கிடைத்திருந்தது. அவளுடைய உம்மா மௌத்தான பிறகு வீட்டில் நானும் அவளும்தான்.

கடலுக்குப் போவதற்கு முந்தின நாள், சாப்பாட்டின்போது ஹுமைத் சொன்னார்: "மாமா, அட்டை எடுத்து மூணு வருஷம். கண்ணாடிக்குள்ள தண்ணி வந்தா இப்பவும் பதறிப்போறேன். அந்தத் தொட்டியில ஒருக்கா பழக்கி விடுங்களேன்."

நல்ல பிள்ளை. மறைக்கத் தெரியாது.

"மாப்பிள்ளையத் தொட்டியில எறக்கினா ஊர் சிரிக்கும்" என்றேன்.

ஸைனப் அடுப்படியில் என்னைத் தனியாகக் கேட்டாள். "வாப்பா, அவங்க பயப்படுறாங்க. போகச் சொல்லவா?"

"நான் பார்த்துட்டேன் மகள். பயமில்ல."

காலையில் அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "வாப்பாவே சொல்லிட்டாங்க. போயிட்டு வாங்க" என்றாள்.

தொட்டியருகே வேனை நிறுத்தித் தேநீர் குடித்தோம். "என்னங்க மொதலாளி, புது ஆளுக்கு அழுமூஞ்சி இல்லீங்களா?" என்றார் வீரய்யா.

"எங்க மாப்பிள்ளை."

"அப்ப சரிதாங்க. சோதிக்கிறதெல்லாம் கல்யாணத்துக்கு முந்தியில்ல."

எல்லோரும் சிரித்தோம். ஹுமைதும்தான்.

அறுபது அடி ஆழத்தில் அவருடைய கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறியது. மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்ந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். அப்படிப்பட்டவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பலரை நான் பிடித்திருக்கிறேன். ஹுமைதே என் கையைப் பற்றினார். நான் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினேன்.

பையிலிருந்து அவருக்கு நான் எடுத்துக் கொடுத்திருந்தது அழுமூஞ்சியைத்தான்.

ஜனாஸா அடக்கத்தில் நான் அழுததுபோல் யாரும் அழவில்லை. அது நடிப்பல்ல.

ஐந்து வருடமாயிற்று. ஸைனப் என்னோடுதான் இருக்கிறாள். சில நாட்களில் சோற்றைப் பிசைந்தபடியே, "நான்தானே வாப்பா போகச் சொன்னேன்" என்பாள். அவளுடைய தலையைத் தடவிக் கொடுப்பேன்.

இந்த வயதில் அவளை இப்படித் தனியாக விட்டுவிட்டுப் போனதற்கு ஹுமைதை மட்டும் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.