அவசரச் செபமும் வேகாத பிட்டும்

எனக்கு எழுத்து அவ்வளவு வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். சாம்பல்தீவிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பஸ்ஸில் முன்னால் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

“அவசரமாச் செபிச்சு இண்டைக்குப் பிட்டு வேகேல்லையடி,” என்றாள் ஒருத்தி.

மற்றவள் சிரித்தாள். “செபத்துக்கும் பிட்டுக்கும் என்ன கதை?”

“பிட்டுப் பானையில ஆவி வந்தாப்பிறகு இருபது அருள்நிறை மரியே செபம் சொல்லி இறக்குவன். இண்டைக்கு பஸ்ஸுக்குப் பயந்து ஓட்டமாச் சொல்லிப்போட்டன். மனுசன் பச்சை மாவைக் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு வேலைக்குப் போயிட்டார்.”

“இன்னொருக்காப் பிந்தினா உனக்குக் கடையில வேலை இல்லையெண்டவங்கள். செபத்தை விட்டிட்டு போனில நேரத்தைப் பாரன்.”

“அது ஏலாது. நாளைக்குக் கால் மணித்தியாலம் முந்தி எழும்புறன். ஆறுதலாச் சொல்லுவன், பஸ்ஸும் பிடிப்பன்.”

இருபது என்றுதான் கேட்ட ஞாபகம். பிட்டு அவிக்கிறவர்கள் யாராவது ஆறுதலாகச் செபித்துப் பார்த்துச் சொல்லுங்கள்.